ட்ரெய்லர் இழுக்க ஒரு பழைய எஸ்யூவி: செக்வோயாவை விட்டுவிட்டு சபர்பன் 2500ஐ வாங்கிய கணக்கு

டாலஸிலிருந்து கொலராடோ மலைப் பக்கம் குடும்பத்தோடு போய்த் தங்கி வருவதற்காக, தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய பின் 6,500 பவுண்டு எடை வரும் ஒரு ட்ரெய்லரை முதலில் வாங்கிவிட்டேன். அதை இழுக்க ஏற்ற பழைய எஸ்யூவியைத் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வரிசை மாறிப்போனது உண்மை என்றாலும், எடை கையில் தெரிந்திருந்ததால் வண்டிகளைக் கறாராக வடிகட்ட முடிந்தது. கடைசியில் மூன்று மிஞ்சின: 5.7 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட டொயோட்டா செக்வோயா, 2015 முதல் 2017 வரை 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினோடு வந்த ஃபோர்டு எக்ஸ்பெடிஷன், 6.0 லிட்டர் வி8 கொண்ட செவ்ரலே சபர்பன் 2500. மூன்றாவதன் 2012ஆம் ஆண்டு வண்டியை வாங்கி ஒன்றரை வருடமாக ஓட்டி வருகிறேன்.

இடவசதியில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெட்ரோலும் மூன்றுக்குமே நிறைய வேண்டும். மறுவிற்பனை மதிப்பில் செக்வோயாவை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. நன்றாகப் பராமரித்த வண்டி 2,00,000 மைல் கடந்த பிறகும் நல்ல விலைக்குப் போகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடை, அதாவது பேலோடு. விற்பவர்கள் எல்லோரும் இழுவைத் திறனைத்தான் முதலில் சொல்வார்கள். செக்வோயாவுக்கு அது ஏறத்தாழ 7,100 பவுண்டு, உரிய டோயிங் பேக்கேஜ் (இழுவைக்கான கூடுதல் சாதனங்கள்) உள்ள எக்ஸ்பெடிஷனுக்கு 9,200 வரை. அந்தக் கணக்கில் என் ட்ரெய்லரை மூன்றுமே இழுத்துவிடும். ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் மஞ்சள் பட்டையோடு ஒட்டியிருக்கும் சிறிய வெள்ளை ஸ்டிக்கரில், ஆட்களும் பொருள்களும் சேர்ந்து எவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இன்னோர் எண் அச்சாகியிருக்கும். ட்ரெய்லரின் முன்பகுதி ஹிட்ச் (வண்டியோடு ட்ரெய்லரை இணைக்கும் பாகம்) மீது அழுத்தும் எடையும் இந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த அழுத்தம் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

என் கணக்கு இது. 6,500இல் 13 சதவீதம் என்றால் 845 பவுண்டு. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 90 பவுண்டு. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 680. பின்னால் வைக்கும் கூலரும் கருவிப் பெட்டியும் 150. மொத்தம் 1,765 பவுண்டு. நான் பார்த்த செக்வோயாவின் ஸ்டிக்கரில் 1,280 என்றும், எக்ஸ்பெடிஷனில் 1,510 என்றும், சபர்பன் 2500இல் 2,240 என்றும் இருந்தன. அந்த ஹிட்ச் ஒரு பகுதி எடையை ட்ரெய்லரின் அச்சுக்கே திருப்பி அனுப்பும் என்பது சரிதான். ஆனால் செக்வோயாவில் மிகுதியாகும் 485 பவுண்டை அது முழுவதும் ஈடுகட்டாது. குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, அச்சும் டயரும் அனுமதித்த எல்லையைத் தாண்டி மலை இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சபர்பன் 2500இன் பின்பக்கம் லாரிகளில் உள்ளது போன்ற பட்டை ஸ்பிரிங்குகளால் ஆனது. எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. அதைவிட முக்கியமாக, அதே காலத்துச் சபர்பனின் எடை குறைந்த 1500 வகையின் 5.3 லிட்டர் எஞ்சினில் எரிபொருளை மிச்சப்படுத்த நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. பழைய வண்டிகளில் ஆயில் குறைவதும் லிஃப்டர் (வால்வைத் திறக்க உதவும் பாகம்) கெடுவதும் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் பேசப்படுகின்றன. 2500இன் எஞ்சினில் அந்த ஏற்பாடே கிடையாது. குறை என்னவென்றால், 2013ஆம் ஆண்டு மாடலோடு பொதுமக்களுக்கான 2500 நின்றுவிட்டதால் வண்டி கிடைப்பதே அரிது. கிடைப்பவற்றில் பல நிறுவனங்களிடம் உழைத்தவை. ஆகவே மைலோடு எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் கட்டாயம் பாருங்கள். 96,000 மைல் மட்டுமே ஓடிய ஒரு வண்டி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் எஞ்சின் 7,900 மணி நேரம் ஓடியிருந்தது. வகுத்தால் மணிக்குச் சராசரி 12 மைல், அதாவது பெரும்பாலான நேரம் நின்ற இடத்திலேயே ஓடியிருக்கிறது. நான் வாங்கியது 1,18,000 மைல், 3,600 மணி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று ஓர் ஒலி கேட்டு, எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியின்) போல்ட் ஒன்று முறிந்திருக்கலாம் என்று பொருள். ஆண்டுக்கணக்கில் சூட்டில் விரிந்து சுருங்கும் போல்ட்டுகளுக்கு நேர்வதுதான். என் வண்டியில் வலப்பக்கம் கடைசிப் போல்ட்டின் தலை இல்லை. உள்ளே சிக்கிய துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டு செய்து மெக்கானிக் திருகி எடுத்தார். அதோடு டிரான்ஸ்மிஷன் ஆயில், கூலன்ட், நான்கு பிரேக் டிஸ்க்குகள், பின் ஷாக் அப்சார்பர்கள், ட்ரெய்லருக்கான பிரேக் கண்ட்ரோலர், பத்துப் படிவு வலுவுள்ள லோடு ரேஞ்ச் இ டயர்கள் என எல்லாவற்றையும் மாற்றிய வகையில் 3,400 டாலர் ஆனது. பழைய டயர்களில் தடம் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருந்த கடைசி நான்கு இலக்கம் 3114, அதாவது 2014ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். அந்த வயதுள்ள டயரில் ட்ரெய்லரை இழுக்கக் கூடாது.

எக்ஸ்பெடிஷனை நான் ட்ரெய்லரோடு ஓட்டிப் பார்த்ததில்லை. காலியாக அரை மணி நேரம் ஓட்டியதுதான் என் அனுபவம். ஆனாலும் உயரமான இடங்களில் அதன் டர்போவுக்கு உள்ள சாதகத்தை மறுக்க முடியாது. காற்று மெலிய மெலிய டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். கொலராடோ எல்லையில் 7,834 அடி உயரமுள்ள ராட்டன் கணவாயில் என் சபர்பன் மூன்றாம் கியரில் உறுமிக்கொண்டு மணிக்கு 45 மைலில்தான் ஏறியது. ஏறும் வேகம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், ஆட்களும் குறைவு என்றால், எக்ஸ்பெடிஷனை நிச்சயம் ஓட்டிப் பாருங்கள்.

ட்ரெய்லர் 4,000 பவுண்டுக்குள் அடங்கும் என்றால் நானே செக்வோயாவைத்தான் வாங்கியிருப்பேன்; காலியாக ஓடும்போது 2500 மேடு பள்ளங்களில் குலுக்குவது போல அது குலுக்காது. ஆனால் பனிக்கு உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால், எதை வாங்குவதானாலும் கீழே படுத்து, துருப் பிடித்திருக்கிறதா என்று அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். வாங்கிய பின் முதல் பயணத்திலேயே ட்ரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) நிறுவனத்தின் எடை மேடையில் ட்ரெய்லரோடு ஏற்றி நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு ஆகிய மூன்றின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். அமரில்லோவில் வாங்கிய அந்தச் சீட்டு இன்னும் என் வண்டியின் சன்வைசரில் செருகியிருக்கிறது.