ஆடிப்பட்டமா, ஆரஞ்சு அலர்ட்டா?

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் என் மாமனார். திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு வளர்ந்தவர். சமையலறைச் சுவரில் தொங்கும் நாள் காலண்டர்தான் அவருக்குச் சட்டம். இன்னொருவர் நான். கைப்பேசியில் மேகப் படத்தைப் பார்க்காமல் குழாயைத் திறக்க மாட்டேன். தாம்பரத்தை ஒட்டிய வீடு. முன்னால் பத்துக்கு இருபது அடி கொரியன் புல், ஒரு முருங்கை, ஒரு தென்னை, நாலு குண்டுமல்லி, மாடியில் இருபது பைகள். ராஜ்ஜியம் இவ்வளவுதான். ஆனால் எந்த வேலையை எப்போது செய்வது என்பதில் ஏழு வருடமாக இழுபறி.

முதலில் விதைப்பு. இதில் நான் மோசமாகத் தோற்றது பந்தல் அவரையில். ஆடியில் மாமா ஊன்றினார். நான் தையில், பனி குறைந்து வெயில் இதமாக இருந்த ஒரு வாரமாகப் பார்த்து ஊன்றினேன். என் கொடி பிரமாதமாக வளர்ந்தது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணிக்கொடி வரைக்கும் போனது. பூ மட்டும் இல்லை. "இலையைக் கூட்டு வெச்சுச் சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார். காரணம் பிறகுதான் புரிந்தது. நாட்டுப் பந்தல் அவரை, பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். சென்னையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொடி எண்ணிக்கொண்டே இருக்கிறது. மழை, வெயில், அலர்ட் எதுவும் அதன் கணக்கில் வராது. சூரியனைப் பார்த்துப் பூக்கும் செடிக்குச் சூரியனை வைத்துப் போட்ட காலண்டர்தான் சரி. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை (கொடி ஓடாத செடி அவரை) என்றால் பட்டம் பார்க்கத் தேவையில்லை, எப்போதும் ஊன்றலாம்.

தக்காளியில் கதை தலைகீழ். ஆடியில் நாற்றுவிட்டு ஆவணியில் நட்டால், காய் பழுக்கிற நேரம் ஐப்பசி. ஐப்பசி அடைமழை என்று சொல்லிவைத்ததும் இதே காலண்டர்க்காரர்கள்தானே! எங்கள் மாடியில் இலை கருகி, பழம் வெடித்து, ஒரு ரசத்துக்குக்கூடத் தேறவில்லை. சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மி.மீ. மழை; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பேச்சு மானாவாரி நிலத்தை மனதில் வைத்துச் சொன்னது. வானத்தைத் தவிர வேறு தண்ணீர் இல்லாதவனுக்கு, விதை முளைக்க ஒரு மழையும் வளர இன்னொரு மழையும் கிடைக்கிற மாதம் அது. மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிற மாடிக்கு அந்த அவசரம் எதற்கு? கார்த்திகையில் நாற்றுவிட்டு, பெருமழை ஓய்ந்ததும் மார்கழியில் நட்டேன். இரவு குளிர்ச்சியாக இருந்ததால் பூ கொட்டவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பழத்தைப் பறித்தது அவர்தான்.

தண்ணீர் ஊற்றுவதில் இரண்டு பேருமே தப்பு. மாமா, மழை மாதம் என்றால் குழாயை மூடிவிடுவார். நான், மழை வரும் என்று அறிவிப்பு வந்தாலே மூடிவிடுவேன். பிறகு ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை மாடியில் வைத்தேன். பக்கம் நேராக, அடி தட்டையாக இருந்தால் போதும், ஸ்கேலை விட்டு அளக்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 12 அங்குலப் பையின் வாய்க்கு அதையே கணக்குப் போட்டால், 10 மி.மீ. மழைக்கு முக்கால் லிட்டர்கூட விழவில்லை. கத்தரி குடைபோல் இலை விரித்திருந்தால் அதிலும் பாதி வெளியே வழிந்துவிடும். தெருவில் தண்ணீர் ஓடியதைப் பார்த்து 'நல்ல மழை' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பைக்குள் விரலை விட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே புழுதி.

புல்தரையில் வானிலை பார்ப்பவன் ஜெயிக்க வேண்டும். நான் ஜெயிக்கவில்லை, அது அறிக்கையை நான் படித்த விதத்தின் கோளாறு. ஒரு சித்திரையில் 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று அறிக்கை வந்தது. மழை வந்து கரைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சாயங்காலம் யூரியாவைக் கையால் வீசினேன். மழை எங்கேயோ பெய்தது. இரண்டு நாளில் என் கைவீச்சு அப்படியே புல்லில் பழுப்பாகத் தெரிந்தது, அரைவட்டம் அரைவட்டமாக. 'ஓரிரு இடங்களில்' என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பகுதி மழைமானிகளில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை என்று அர்த்தம். 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. இது தெரிந்திருந்தால் வீசிய கையோடு குழாயைத் திறந்திருப்பேன். ஆரஞ்சு அலர்ட் அன்று போடுவதும் வீண், உரம் மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

வெட்டுவதற்கும் மாதக் கணக்கு ஒத்துவராது. ஈரத்தில் மெஷினை ஓட்டினால் புல் கட்டிகட்டியாக ஒட்டும், தரையும் இறுகும். மழைக்குப் பிறகு ஒரு நாள் காயவிட்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டினால் போதும். அக்னி நட்சத்திரத்தில் கொஞ்சம் உயரமாகவே விடலாம், வேருக்கு நிழல்.

முருங்கை, தென்னை விஷயத்தில் காலண்டருக்கே என் ஓட்டு. கிளை லேசாக முறிகிற மரம் முருங்கை. புயல் அறிவிப்பு வந்த பிறகு வெட்டலாம் என்று இருந்தால், கையில் மிஞ்சுவது இரண்டு நாள், அதிலும் ஒரு நாள் மழை. மரம் ஏறுபவரும் அந்த வாரத்தில் போனை எடுக்க மாட்டார். தெருவே அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மாமா புரட்டாசியிலேயே ஆள் சொல்லி, முருங்கையைக் கழித்து, தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுவார். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மரங்களிலிருந்து எதுவும் விழவில்லை.

அதே மிக்ஜாமில் மாமாவும் வாங்கிக் கட்டிக்கொண்டார். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டிவிட்டால் பங்குனியிலிருந்து பூக்கும். மாதம் சரிதான். வெட்டிய ஒரு வாரத்தில் புயல். முட்டளவு தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. நாலில் இரண்டு செடி துளிர்க்கவே இல்லை. இப்போது நான் மழை ஓயட்டும் என்கிறேன். வெட்டுவதைத் தள்ளினால் பூப்பதும் தள்ளிப்போகும் என்கிறார் அவர். மார்கழி இரண்டாம் வாரம் வரை தள்ளினால் என்ன ஆகும் என்று இந்த வருடம் இரண்டு செடியை அவருக்கும், புதிதாக வைத்த இரண்டை எனக்கும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். என் செடிகளில் அடையாளத்துக்கு நீல நாடா கட்டியிருக்கிறேன். அவர் கட்டவில்லை, "எது என்னுதுன்னு பூத்தா தெரியும்" என்கிறார்.