தணலருகே மதிய உணவு: ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ காடுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வட ஐரோப்பாவின் ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ ஆகிய மூன்று தலைநகரங்களிலும், நகரப் பேருந்தோ மெட்ரோவோ நிற்கும் கடைசி நிறுத்தங்களை ஒட்டியே காடு தொடங்கிவிடுகிறது. வழிகாட்டியோடு அரை நாள் நடந்து, நடுவில் தீ மூட்டி மதிய உணவு உண்டு திரும்பும் பயணங்கள் மூன்று நகரங்களிலும் கிடைக்கின்றன. விளம்பரப் படங்களில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்: கரி படிந்த கெண்டி, அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஏழெட்டுப் பேர், பின்னால் ஒரு சிறிய ஏரி. ஆனால் அந்தத் தீயை எங்கே, எந்த மாதத்தில், எந்த விறகைக் கொண்டு மூட்டலாம் என்பதில் மூன்று நாடுகளும் மூன்று வழியில் நடக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், எங்கே வழிகாட்டி தேவை, எங்கே தேவையில்லை என்பது பெருமளவு தெளிவாகிவிடும். அதனால் இந்த ஒப்பீட்டைத் தீயிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்லாந்தில் யாருடைய காட்டிலும் நடக்கலாம், பழங்களும் காளான்களும் பறிக்கலாம் என்ற பொது உரிமை உண்டு. ஆனால் தீ மூட்டுவது அந்த உரிமையில் அடங்காது, அதற்கு நில உடைமையாளரின் அனுமதி வேண்டும். ஹெல்சிங்கிக்கு மேற்கே எஸ்போ, கிர்க்கொனும்மி, விஹ்தி ஆகிய ஊர்ப்பகுதிகளில் பரவியுள்ள நூக்ஸியோ தேசியப் பூங்காவில் இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு இருக்கிறது. 1994-இல் அமைக்கப்பட்ட, சுமார் 53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவை அரசின் வனத்துறை நிறுவனமான மெட்ஸாஹல்லிடுஸ் பராமரிக்கிறது. தீ மூட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடங்களையும், அவற்றின் அருகில் விறகுக் கொட்டகைகளையும் அமைத்து, விறகை இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட இடத்தில், கொடுக்கப்பட்ட விறகில், எவரும் மூட்டலாம். கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கை நடப்பில் இருக்கும் நாட்களில் மட்டும் அந்த இடங்களிலும் திறந்த தீ கூடாது. சுள்ளிகளை எரிக்கும் சிறிய கையடக்க அடுப்புகளும் திறந்த தீயாகவே கருதப்படுவதால், அவையும் அந்நாட்களில் விலக்கப்பட்டவை.

சுவீடனில் பொது உரிமையின் எல்லை சற்று அகலமானது. தீ பரவாதபடி மிகுந்த கவனத்தோடு மூட்டினால் பொதுவாகத் தடையில்லை. ஆயினும் ஸ்டாக்ஹோம் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள டீரெஸ்டா தேசியப் பூங்காவுக்குள், குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே மூட்ட முடியும். விழுந்து கிடக்கும் மரத்தையும் காய்ந்த கிளையையும் அங்கே தொடக்கூடாது. மட்கும் மரமே வண்டுகளுக்கும் பூஞ்சைகளுக்கும் வீடு என்பதால், அதுவும் காட்டின் உயிருள்ள பகுதியாகவே காக்கப்படுகிறது. ஆகவே தனியாகப் போகிறவர்கள் விறகைச் சுமந்து செல்வதே உறுதியான வழி. வறண்ட கோடையில் அதிகாரிகள் தீத்தடை விதிப்பதுண்டு. கடுமையான தடை வந்துவிட்டால், குறிக்கப்பட்ட இடங்களும் அதற்கு விலக்கில்லை. வெறும் பாறைமீது தீ மூட்டக்கூடாது என்பதைச் சுவீடன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வெப்பத்தில் பாறை வெடித்துப் பிளந்தால் அந்த வடு ஒருபோதும் ஆறுவதில்லை.

நார்வேயின் விதி நாட்காட்டியைச் சார்ந்தது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டின் அருகிலும் திறந்த தீ பொதுவாகத் தடை. தீப்பிடிக்க வாய்ப்பே இல்லை என்பது வெளிப்படையாகத் தெரியும் சூழலில் மட்டும் விலக்கு உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் அலுமினியத் தட்டு அடுப்பும் இத்தடைக்குள் வரும். விலக்கு இருக்கிறதே என்று சுற்றுலாப் பயணி ஒருவர் ஓஸ்லோவின் வடக்கே விரிந்திருக்கும் நூர்மார்க்கா காட்டில் ஜூலை மாதம் தானே முடிவெடுத்து மூட்டுவது சரியல்ல. முதல் நாள் பெய்த மழை மேலே தெரியும் பாசியை நனைத்திருக்கும். அதன் அடியிலுள்ள மட்கிய மண் காய்ந்தே இருக்கலாம். அதைக் கையால் தோண்டிப் பார்த்துச் சொல்லும் பயிற்சி உள்ளவரிடம்தான் அந்த முடிவை விட வேண்டும்.

எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை டீரெஸ்டாவே கண்முன் காட்டுகிறது. 1999 ஆகஸ்டில் அங்கே பரவிய தீ சுமார் 450 ஹெக்டேர் காட்டை எரித்தது. அங்கு மண்போர்வை மிக மெல்லியது. தீ அந்த மண்ணையே எரித்துப் பாறை வரை இறங்கியதால், வேர்ப்பிடிப்பை இழந்த பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. இன்று அந்தப் பரப்பில் பிர்ச்சும் ஆஸ்பெனும் இளங்காடாக எழுந்து நிற்கின்றன, நடுவே வெள்ளி நிறத்தில் வெளிறிப்போன பழைய தண்டுகள் கிடக்கின்றன. தீயருகே உணவு உண்ணும் நாளில் இந்தப் பகுதியின் வழியே நடப்பது, எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட ஆழமாக மனதில் பதியும் என்று நம்புகிறேன்.

காட்டின் தன்மையை மட்டும் வைத்துப் பார்த்தால் என் தேர்வு டீரெஸ்டாதான். 1993-இல் தேசியப் பூங்காவான இந்த நிலத்தில் ஏறத்தாழ 400 ஆண்டு வயதுள்ள பைன் மரங்கள் நிற்கின்றன; ஒரு தலைநகரின் இவ்வளவு அருகில் கோடரி அதிகம் படாத காடு எஞ்சியிருப்பது அரிய செய்தி. ஆனால் பழங்காட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். பழகாத கண்ணுக்கு அது ஒழுங்கற்று விழுந்து கிடக்கும் மரங்களின் குவியலாகவே படும். வயதான பைனின் உச்சி ஏன் குடைபோல் தட்டையாகிறது, அதன் பட்டை ஏன் ஓடுபோல் பிளவுபடுகிறது, பழைய தீயின் தழும்பு தண்டில் எங்கே தெரிகிறது என்பதையெல்லாம் ஒருவர் நின்று காட்டும்போதுதான் அந்தக் குவியல் காடாக மாறுகிறது. எனவே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் முழுமையாகப் பயன்படும் இடம் டீரெஸ்டா என்பேன்.

நூக்ஸியோவின் அழகு வேறு வகையானது. பனியுக உறைபனி தேய்த்து வழவழப்பாக்கிய பாறை மேடுகள், அவற்றுக்கிடையே சிறு ஏரிகள், பள்ளங்களில் இருண்ட ஸ்ப்ரூஸ் மரங்கள் என நிலம் சில நூறு அடிகளுக்குள் மாறிக்கொண்டே இருப்பதால், குறுகிய நடையிலேயே பலவற்றைப் பார்த்துவிட முடிகிறது. ஹௌக்காலம்பி ஏரிக்கரையிலிருந்து தொடங்கும் சுற்றுத்தடங்களில் ஒன்று சுமார் 2 கிலோமீட்டர், இன்னொன்று சுமார் 4, மூன்றாவது 7 கிலோமீட்டர் அளவு. தடங்களின் நிறக்குறிகள் மரங்களில் தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளன. பூங்காவின் சின்னம் பறக்கும் அணில். இரவில் நடமாடும் அந்த உயிரைப் பகலில் காண்பது பெரும்பாலும் நடக்காது. ஆனால் வசந்தத்தில் ஆஸ்பென் மரத்தடியில் மஞ்சள் அரிசிமணிகளைப் போன்ற அதன் எச்சத்தை நல்ல வழிகாட்டி தேடிக் காட்டிவிடுவார். தானே கடந்து போகிறவர் அதை மிதித்துவிட்டுச் செல்வார்.

நூர்மார்க்காவைப் பற்றி இந்த அளவுக்கு விரிக்கத் தேவையில்லை. மிகப் பரந்த காடு அது, 2009-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தால் காக்கப்படுகிறது. என்றாலும் பல பகுதிகளில் மரம் வெட்டும் தொழில் தொடர்வதால் டீரெஸ்டாவின் முதுமையை அங்கே எதிர்பார்க்கக்கூடாது. அதன் சிறப்பு நடப்பவருக்கான வசதியில் இருக்கிறது. மெட்ரோவில் சொங்ஸ்வான் ஏரி வரை சென்று இறங்கினால், கோடைத் தடங்களின் நீலக் குறியும் பனிச்சறுக்குத் தடங்களின் சிவப்புக் குறியும் தடுமாற விடாமல் அழைத்துச் செல்கின்றன. ஐந்தரை கிலோமீட்டர் அளவு நடந்தால் உல்லவோல்செட்டர் என்னும் காட்டு விடுதி வருகிறது. அங்கே வாஃபிளும் சூடான பானமும் கிடைக்கும். தீத்தடை உள்ள ஐந்து மாதங்களில் இதுவே அறிவார்ந்த மதிய உணவு. இந்த நடைக்கு வழிகாட்டி வேண்டியதில்லை, அதற்கென்று விற்கப்படும் பயணத்தை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

போக்குவரத்தில் நூர்மார்க்கா முதலிடம், நூக்ஸியோ நடுவில். ஹெல்சிங்கியிலிருந்து உள்ளூர் ரயிலில் எஸ்போ மையம் சென்று, அங்கிருந்து 245 எண் பேருந்தைப் பிடித்து, நிறுத்தத்திலிருந்து ஹௌக்காலம்பிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். குழந்தைகளோடும் உணவுப் பையோடும் போகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் நடை களைப்பைத் தரும். வழிகாட்டிப் பயணங்கள் நகர மையத்திலிருந்தே சிற்றுந்தில் ஏற்றிச் செல்வது இங்கே உண்மையான உதவி. டீரெஸ்டாவுக்குப் பேருந்து மாறிப் போக வேண்டியிருப்பதால், திரும்பும் நேரத்தை முன்னரே குறித்துக்கொள்வது நல்லது.

இனி உணவு. இதில்தான் பயணங்களுக்கிடையே வேறுபாடு மிகப் பெரியது, விளம்பரம் மிகக் குறைவாகச் சொல்வதும் இதைத்தான். ஈர விறகையும் பிளந்து உள்ளிருக்கும் காய்ந்த பகுதியைச் சீவி, சுருள் சுருளான சிராய்களாக்கிப் பற்றவைத்து, சுவாலை அடங்கித் தணல் திரள்வதற்குக் குறைந்தது அரை மணி நேரம் வேண்டும். பின்லாந்தில் சால்மன் மீனைப் பலகையில் அறைந்து, தீயின் ஓரமாகச் சாய்த்து நிறுத்தி, அனலிலேயே வேகவிடும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரப் பயணத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. எனவே பெரும்பாலும் குச்சியில் செருகிய சாசேஜ், அல்லது வீட்டில் சமைத்து வந்து தீயில் சூடாக்கும் சூப், பிறகு கெண்டியில் நேரடியாகக் கொதிக்கும் காபி என்றே அமையும். சூடாக்கிய சூப் தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் தீயில் சமைப்பதைக் கற்க விரும்பிப் போகிறவர், வழிகாட்டி உங்கள் கையில் கத்தியையும் விறகையும் கொடுப்பாரா, அல்லது நீங்கள் வந்து சேரும்போதே தீ எரிந்துகொண்டிருக்குமா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதோடு இன்னும் இரண்டு கேள்விகளை எழுத்தில் அனுப்பிப் பதில் பெறுவது அவசியம். தீத்தடை வந்தால் என்ன செய்வீர்கள் என்பது முதலாவது. ஸ்பிரிட் அடுப்பில் அதே உணவைச் சமைப்போம் என்றோ பயணத்தை வேறு நாளுக்கு மாற்றுவோம் என்றோ தெளிவாகச் சொல்பவரே பொறுப்பானவர். சாசேஜில் என்ன இறைச்சி என்பது இரண்டாவது. பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும் என்பதால், சைவ உணவினரும் அதை விலக்குவோரும் முன்னதாகவே தெரிவிக்காவிட்டால் காட்டு நடுவில் ரொட்டித் துண்டோடு அமர நேரும்.

காலத்தைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை: செப்டம்பரின் பிற்பாதி. நார்வேயின் பொதுத் தடை முடிந்திருக்கும், கொசுத் தொல்லை அடங்கியிருக்கும், காளான்கள் முளைத்திருக்கும், ஆஸ்பெனும் பிர்ச்சும் பொன்னிறமாகியிருக்கும். உண்ணிகள் மட்டும் அப்போதும் இருக்கும் என்பதால், திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் சோதிக்க வேண்டும். டிசம்பரில் மூன்று நகரங்களிலும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ ஆறு மணி நேரமே என்பதால், அப்போது போகிறவர்கள் காலை பத்து மணிக்கே தடத்தில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, காட்டில் தீ மூட்டிப் பழக்கமும் இல்லை என்பவருக்கு நூக்ஸியோவையே சொல்வேன். இலவச விறகும் சட்டப்படியான அடுப்பிடமும் இருப்பதால், முதல் முறை வழிகாட்டியோடு போய்க் கற்றுக்கொண்டவர் அடுத்த முறை தன் குடும்பத்தை அழைத்துக்கொண்டு அந்த 2 கிலோமீட்டர் தடத்துக்குத் தானே போகலாம். அப்படிப் போகும்போது வழிகாட்டியிடம் கற்க வேண்டியவற்றில் மூட்டுவதைவிட அணைப்பது முக்கியமானது: தணல்மேல் நீரூற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின் மேல் கையைப் பிடித்துப் பார்த்துச் சூடு சிறிதும் இல்லை என்று தெரிந்த பிறகே எழ வேண்டும், அதற்கான நீரை ஏரியிலிருந்து, முதல் தீக்குச்சியை உரசுவதற்கு முன்பே, மொண்டு வைத்திருக்க வேண்டும்.