டோஃபாசிடினிப் 5 மி.கி.: சரவாங்கி மாத்திரை வாங்குமுன்

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. நாற்று நடுகிற கைக்கு அதைவிடக் கேடு வேண்டாம். வழக்கமாக முதலில் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அடங்காத சரவாங்கிக்கு (ருமட்டாய்டு மூட்டுவாதம்) எழுதப்படும் டோஃபாசிடினிப், உள்நாட்டுக் கம்பெனித் தயாரிப்பாகவே கிடைக்கிறது. மாத்திரை நல்லதுதான். சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிற மாத்திரை மட்டும் இல்லை.

இன்டர்லூகின்-6 போன்ற செய்தி மூலக்கூறு செல்லின் வெளிச்சவ்வில் வந்து பொருந்தியதும், உள்ளே ஜாக் நொதிகள் ஒன்றையொன்று முடுக்கிவிடும். அவை ஸ்டாட் புரதத்தில் பாஸ்பேட் ஏற்ற, அது உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களைத் திறக்கும். கூடவே சாக்ஸ் என்ற புரதத்தையும் உண்டாக்கும். சாக்ஸ் திரும்பி வந்து ஜாக்கையே அடைக்கும்: தண்ணீர் ஏறினால் தானே இறங்குகிற ஷட்டர். சரவாங்கி மூட்டில் செய்தி ஓயாமல் வருவதால் அந்த ஷட்டர் தாங்குவதில்லை. மாத்திரை ஜாக்-1, ஜாக்-3 இரண்டையும் முக்கியமாக மறிக்கிறது. தன் உடம்பையே தாக்கும் டி செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்களை (2025 மருத்துவ நோபல் இதற்குத்தான்) இது சீர்செய்வதில்லை. அதனால்தான் நிறுத்தினால் வலி திரும்புகிறது.

வாய்க்காலை மடையிலேயே அடைத்தால் பக்கத்து வயலும் காயும். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானுக்கும் இதே ஜாக்தான் வழி. அக்கி வருவது இதனால்தான். காசநோயும் தலைதூக்கலாம்.

ஆகவே ஆரம்பிக்கும் முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்க்கு மாண்டூ அல்லது இக்ரா சோதனை, மஞ்சள் காமாலை பி, சி, ரத்த அணுக்கள், கல்லீரல் பார்த்தாக வேண்டும். லிம்போசைட் 500க்குக் கீழ், நியூட்ரோபில் 1000க்குக் கீழ், ஹீமோகுளோபின் 9க்குக் கீழ் இருந்தால் தொடங்கக் கூடாது. 4 முதல் 8 வாரத்தில் ரத்த அணுக்களும் கொழுப்பும், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை அணுக்கள். உறங்கும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் மாத்திரையின் அளவு ரத்தத்தில் சரிந்துவிடும். பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் கொடுத்தால் ஏறும். வேறு டாக்டரிடம் போனாலும் டோஃபாசிடினிப் என்ற பெயரைச் சொல்லிவிடுங்கள்.

வழக்கமான அளவு 5 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. ரத்தத்தில் 3 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால்தான் இரண்டு வேளை. மெத்தோட்ரெக்ஸேட்டோ வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மெத்தோட்ரெக்ஸேட்டையும் தினம் விழுங்கினால் கேடு வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை போகும். டப்பா தனி, கிழமை எழுதிய காகிதம் தனி.

இதன் பெரிய வசதி, ஃப்ரிட்ஜ் வேண்டாம். சரவாங்கிக்கான உயிரி ஊசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரியில் இருந்தாக வேண்டும். 2018 கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கரண்ட் எத்தனை நாள் இல்லாமல் கிடந்தது!

50 வயது தாண்டி இதயநோய் ஆபத்தும் உள்ளவர், புகைப்பவர், மாரடைப்போ ரத்தக் கட்டியோ வந்தவர் முதலில் வேறு மருந்தைக் கேட்கட்டும். 2021ல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரிக்கையைக் கடுமையாக்கியதும் இதனால்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூடாது.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் எப்போதும் உண்டு. இம்மாத்திரை அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான சிஆர்பியைத் தணித்துவிடும், காய்ச்சலும் லேசாகத் தெரியலாம். சூடு தட்டினால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.