சோப்புத் தண்ணியா, ஐபிஏவா (ஐசோப்ரொபைல் ஆல்கஹாலா)? பெயிண்ட்டுக்கு முன்னாடி பிளாஸ்டிக் மாடல் கிட் பார்ட்ஸை சுத்தம் பண்றது

மாஸ்கிங் டேப்பை உரிச்சா பெயிண்ட்டும் சேர்ந்து வருதுன்னா நிறைய பேர் பெயிண்ட்டைத்தான் திட்டுறாங்க, ஆனா பெரும்பாலும் பிளாஸ்டிக் மேல இருக்குற பிசுக்குதான் காரணம். அச்சுலேர்ந்து பார்ட் சுலபமா கழண்டு வர்றதுக்கு ஃபேக்டரில போடுற மோல்ட் ரிலீஸ் ஒண்ணு, ஒட்டித் தேய்க்கும்போது நம்ம விரல்லேர்ந்து ஏறுற எண்ணெய் இன்னொண்ணு.

டிஷ்வாஷ் லிக்விட் மலிவு, கேனபி (காக்பிட் மேல வர்ற கண்ணாடி மூடி) மாதிரி கிளியர் பார்ட்டுக்கும் பயமில்லாம போடலாம். வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் விட்டு ஸ்ப்ரூவோட (பார்ட்ஸ் எல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேம்) அப்படியே முக்கி, பழைய சாஃப்ட் டூத்பிரஷ்ஷால பேனல் லைன் (பார்ட் மேல செதுக்கியிருக்குற மெல்லிசான கோடு) போற பக்கமாவே தேய்க்கணும், அப்பதான் இடுக்குல இருக்குறதும் வரும். கொதிக்கிற தண்ணி வேணவே வேணாம், பாலிஸ்டைரீன்ல மெல்லிசான பார்ட்னா வளைஞ்சிடும். கைக்கு மாய்ஸ்சரைசர் சேர்த்த லிக்விடும் வேணாம், அதுவே ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும். உப்புத்தண்ணி வர்ற வீடுன்னா கடைசி அலசலை ஆர்ஓ தண்ணில பண்ணுங்க, இல்லேன்னா காஞ்சதும் வெள்ளைத் திட்டு நிக்கும். நல்லா காய ஒரு ராத்திரி விட்டுடணும்.

ஐபிஏ சட்டுனு காஞ்சிடும், அதோட பெரிய பலமே அதான். ஒட்டி முடிச்ச பிளேனை தண்ணில முக்க முடியாது, காக்பிட்டுக்குள்ள போனா வெளிய எடுக்கவே முடியாது, அங்க ஐபிஏ நனைச்ச பஞ்சாலயோ துணியாலயோ துடைச்சா போதும். ஆனா ஏற்கனவே டாமியா பிராண்ட் அக்ரிலிக் அடிச்ச இடத்துல பட்டா பெயிண்ட் கரைஞ்சு வந்துடும், அதனால அந்த இடத்தை விட்டுட்டு துடைங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. இது இல்லைன்னு அசிட்டோன், லாக்கர் தின்னர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, பிளாஸ்டிக்கே உருகிடும்.

அல்ட்ராசோனிக் கிளீனர் சாதாரண கிட்டுக்கு தேவையில்லாத செலவு.

என்னைக் கேட்டா இப்ப வர்ற டாமியா கிட்டுக்கு ஸ்ப்ரூ கழுவலைன்னாலும் பரவால்ல, ஆனா ரெசின் பார்ட்டும் ஷார்ட் ரன் கிட்டும் (கொஞ்ச எண்ணிக்கையில மட்டும் தயாரிக்கிறது) கண்டிப்பா சோப்புல கழுவணும், அதுல ரிலீஸ் கெட்டியா இருக்கும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா ப்ரைமருக்கு (பெயிண்ட்டுக்கு அடியில அடிக்கிற முதல் பூச்சு) முன்னாடி ஐபிஏ துடைப்புதான், ஏன்னா முதல்லயே எவ்ளோ கழுவினாலும் ஒட்டி முடிக்கிறதுக்குள்ள விரல் பட்டுப் பட்டு எண்ணெய் திரும்ப ஏறிடும். லாக்கர் ப்ரைமர் பிளாஸ்டிக்கை கொஞ்சம் கடிச்சுப் பிடிக்கும், அதனால ஓரளவு பொறுத்துக்கும், வல்லேஹோ மாதிரி வாட்டர் பேஸ்டு பெயிண்ட் பொறுக்காது. துடைச்சதுக்கு அப்புறம் பவுடர் இல்லாத நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கிட்டு மட்டும் தொடுங்க.