அகலப் பலகையில் சாய்வு வெட்டு: மேசை வாளா, கை வட்ட வாளா?

மொரட்டுவையில் வாங்கிய 14 அங்குல அகல மகோகனிப் பலகை, மறுமுனையில் 10 ஆகக் குறுக வேண்டும்.

செலவு: மேசை வாள் இருந்தால் ஒட்டுப்பலகையில் சறுக்குத் தட்டு (பலகையைச் சாய்வாகப் பிடித்து வாளை நோக்கித் தள்ளும் தட்டு) செய்தால் போதும். வட்ட வாளுக்கு, அதன் அடித்தட்டு ஒட்டி நகர ஒரு நேர்ச்சட்டமும் அதை இறுக்க இரண்டு கிளாம்பும்.

இடம்: ஆறடிப் பலகையைத் தள்ள வாளுக்கு முன்னும் பின்னும் ஆறாறு அடி வேண்டும். வெள்ளவத்தை வீட்டில் எங்கே போவது? வட்ட வாளில் பலகை அசையாது, வாள்தான் நகரும்.

துல்லியம்: சறுக்குத் தட்டு ஒரே சாய்வைத் திரும்பத் திரும்பத் தரும். வட்ட வாளில் அடித்தட்டு விளிம்புக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கில் எடுத்துச் சட்டத்தைத் தள்ளிக் கட்ட வேண்டும். நான் சட்டத்தைக் கழிவுப் பக்கம் (வெட்டி நீக்கும் பக்கம்) கோட்டிலேயே இறுக்கி, நல்ல மரத்தில் ஒன்றரை அங்குலம் தின்னவிட்டேன்!

கதிரைக் கால் நான்கென்றால் சறுக்குத் தட்டு. ஒற்றை அகலப் பலகைக்கு வட்ட வாள். அப்புறம் வெட்டிய விளிம்பில் சீவுளியால் இரண்டு சீவல்.