இரண்டு வேட்பாளர்கள்: திருத்துறைப்பூண்டியும் கந்தர்வக்கோட்டையும்

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கூட்டணியில் நின்று வென்ற இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திருத்துறைப்பூண்டியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் க. மாரிமுத்து, கந்தர்வக்கோட்டையில் மார்க்சிஸ்ட் கட்சியின் மா. சின்னதுரை. இரண்டுமே தனித்தொகுதிகள். மாரிமுத்துவின் வெற்றி வித்தியாசம் சுமார் 30,000. சின்னதுரைக்கு 12,000க்குச் சற்று மேல்.

மாரிமுத்து என்றதும் எல்லோரும் பேசியது அவருடைய குடிசை வீட்டைத்தான். அந்த எளிமையை நானும் மதிக்கிறேன். ஆனால் செய்தி அத்தோடு நின்றுபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. திருத்துறைப்பூண்டி 2018 கஜா புயல் புரட்டிப்போட்ட பகுதி. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதும், அறுத்த நெல் நனையுமுன் கொள்முதல் நிலையத்தில் எடை போடப்படுவதும்தான் அங்கே வாழ்வாதாரம்.

சின்னதுரை விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். கூலி, நூறு நாள் வேலை, குடிமனைப் பட்டா ஆகியவை அந்தச் சங்கத்தின் நெடுநாள் கோரிக்கைகள். புதுக்கோட்டை மாவட்டத்து அந்தத் தொகுதியில் மானாவாரி நிலமும் முந்திரியும் அதிகம். 2022 டிசம்பரில் வேங்கைவயல் கிராமத்தில் தலித் மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை நடந்ததும் இந்தத் தொகுதியில்தான்.

ஒரு சங்கப் பின்னணியை எடைபோடும்போது நான் கூலிக் கணக்கோடு சாதிக் கொடுமையையும் சேர்த்தே பார்ப்பேன்.