மூன்று வருடம் காலில் கிடந்த கொலுசு: காதலிக்கு வாங்கிய தீபாவளிப் பரிசின் அனுபவம்

2022 தீபாவளிக்கு என் காதலிக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தேன். பினாங்கு லிட்டில் இந்தியா, லெபோ பசாரில் ஒரு சின்ன நகைக்கடை. 42 கிராம், கூலியோடு சேர்த்து 290 ரிங்கிட். (நம் பேச்சில் ரிங்கிட்டும் வெள்ளிதான். குழம்பாமல் இருக்க இங்கே ரிங்கிட் என்றே எழுதுகிறேன்.) தீபாவளி நெருங்கினால் நண்பர்கள் "அவளுக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். வாங்கிய அன்றைக்கு எல்லாப் பரிசும் அழகுதான். மூன்று வருடம் வியர்வையிலும் மழையிலும் கிடந்த பிறகு அது எப்படி இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் இரண்டு தீபாவளிகளில் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 2020 நவம்பரில் எம்.சி.ஓ. (கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு) கெடுபிடி. கடைகளுக்குப் போய் நிதானமாகப் பார்த்து வாங்க முடியாத நேரம். இணையத்தில் இதய வடிவப் பதக்கம் வைத்த, தங்க முலாம் பூசிய சங்கிலி ஒன்றை ஆர்டர் செய்தேன். பெட்டி மிக அழகாக இருந்தது. நாலே மாதத்தில் கழுத்துப் பின்பக்கம் முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. வியர்வை பட்ட இடத்தில் பச்சைக் கறை, அப்புறம் அரிப்பு. அவள் என்னிடம் சொல்லவே இல்லை, கழற்றி வைத்துவிட்டாள். நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. அவள் சொல்லாமல் பொறுத்துக்கொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மறுவருடம் வாசனைத் திரவியம். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறையில் போட்டால் தலைவலிக்கிறது என்றாள் (அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை). ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் இருந்த பாட்டில் ஒரு வருடத்துக்குள் வேறு வாசனை வீச ஆரம்பித்தது.

2022இல் தங்கம் வாங்க நினைத்தேன். 916 தங்கம் (22 காரட்) அப்போது கிராம் 300 ரிங்கிட்டுக்குக் கீழேதான் இருந்தது, கொஞ்சம் சேர்த்து வைத்தால் மெல்லிய மோதிரம் ஒன்று முடிந்திருக்கும். ஆனால் அப்போது அவள் வீட்டில் எங்கள் விஷயம் தெரியாது. விரலில் தங்க மோதிரத்தோடு ஒரு பெண் வீட்டுக்குப் போனால் அம்மா முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் கேட்பார். பரிசு கொடுத்து அவளைப் பொய் சொல்ல வைப்பதா என்று தோன்றியது. கொலுசில் அந்தச் சிக்கல் இல்லை. நம் வீடுகளில் காலுக்குத் தங்கம் போடமாட்டார்கள், வெள்ளிதான். மெட்டியைப் போலக் கல்யாணத்தோடு ஒட்டியதும் இல்லை. சின்ன வயதிலிருந்து அவள் கொலுசு போட்டவள், பழையது அறுந்துபோனபின் வாங்காமலே இருந்தாள்.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "தம்பி, எத்தனை இன்ச்?" நல்லவேளையாக அவள் தங்கையிடம் ரகசியமாகக் கேட்டு, பழைய கொலுசை அளவுகோலில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லியிருந்தேன். பத்து இன்ச். கணுக்காலுக்குக் கீழே கொஞ்சம் தளர்ந்து விழ வேண்டும் என்று பத்தரை எடுத்தேன். இதை அளக்காமல் வாங்காதீர்கள். இறுக்கமான கொலுசு காலைக் கடிக்கும், மிகத் தளர்ந்தது குதிகாலில் இறங்கிச் செருப்பு வாரில் சிக்கும்.

அடுத்தது தரம். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது, தினசரி தேய்மானத்துக்குத் தாங்காது. இந்தியாவிலிருந்து வரும் கொலுசுகள் எல்லாமே 925 என்று நினைத்துவிடக் கூடாது. 80 டச் என்பார்கள், நூற்றுக்கு 80 பங்குதான் வெள்ளி என்று அர்த்தம். அதுவும் மோசமில்லை, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எடுத்தது சேலத்துச் சரக்கு என்று கடைக்கார அண்ணன் சொன்னார், கொக்கிக்குப் பக்கத்தில் 925 முத்திரை இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளத்த இன்னொரு ஜோடியையும் காட்டினார், அது ரோடியம் முலாம். முலாம் இருக்கும்வரை கறுக்காது. முலாம் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

முத்துகளைப் பற்றி, அதாவது ஓசை எழுப்பும் குட்டி மணிகளைப் பற்றி, நிறைய யோசித்தேன். கொத்துக்கொத்தாக முத்து வைத்த கொலுசு கடையில் குலுக்கிக் காட்டும்போது மனதை அள்ளும். ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகள் தேர்வு எழுதும்போது அவள் வரிசை வரிசையாக நடக்க வேண்டும். அதனால் கொக்கியில் மட்டும் ஒற்றை முத்து இருப்பதை எடுத்தேன். இந்த மூன்று வருடத்தில் நான் எடுத்த முடிவுகளில் சிறந்தது இதுதான். வேலைக்குப் போட முடிந்ததால்தான் அது தினமும் காலில் இருக்கிறது. வீடு அமைதியாக இருந்தால் மட்டும் அந்த ஒற்றை முத்தின் ஓசை கேட்கும். எனக்கு அது போதும்.

இனி பயன்பாட்டுக்கு வருகிறேன். முதல் எட்டு மாதம் பிரச்சினை எதுவும் இல்லை. தினசரி போட்டிருக்கும் வெள்ளி, பெட்டிக்குள் கிடப்பதைவிட மெதுவாகத்தான் கறுக்கிறது, தோலிலும் துணியிலும் உரசியே மினுமினுப்பு நிற்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தபோதும், பத்து ஃபிரிங்கி கடற்கரையில் நின்றபோதும் கொலுசு காலில்தான் இருந்தது. கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைப்பாள், அவ்வளவே.

பிறகு பேராக்கில் ஒரு வெந்நீர் ஊற்றுக்குக் குடும்பத்தோடு போனாள். கழற்ற மறந்துவிட்டாள். சாயங்காலம் படம் அனுப்பினாள், கொலுசு கரி பூசியது போல இருந்தது. அழுதிருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது. நீரில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது, அந்தக் கறுப்பு மேலாக மட்டும்தான் படிந்திருக்கும். வீட்டில் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசைத் தொடும்படி வைத்து, ஆப்பசோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றினேன். அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, வெள்ளி திரும்பிவிடுகிறது. லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் பழைய நிறம் வந்தது. கல் பதித்தவற்றுக்கும், வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றியவற்றுக்கும் இதைச் செய்யாதீர்கள்.

சாதாரண மங்கலுக்கு என் அம்மா சொன்ன வழியே போதும்: திருநீற்றைத் தொட்டு மெல்லிய துணியால் தேய்ப்பது. பற்பொடியால் தேய்த்தால் கீறல் விழும். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள் கொலுசைக் கழற்றி என்னிடம் கொடுப்பாள், நான் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகத் தேய்த்துக் கொடுப்பேன். 2023இல் புதுப் பரிசு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "இதைத் தேய்த்துக் கொடு, போதும்" என்றாள். லெபோ குயினில் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக் கொடுத்தேன்.

குறை என்றால் கொக்கிதான். எஸ் வடிவக் கொக்கி ஒரு வருடத்தில் விரிந்துவிட்டது. பதினான்காவது மாதம் இடது கொலுசு காணாமல் போய், அரை நாள் தேடி, கடைசியில் அவள் காலணிக்குள் கிடைத்தது. பத்தரிடம் கொடுத்துக் கொக்கியை நெருக்கி, தேய்ந்த வளையத்தைப் பற்றவைத்தோம், 15 ரிங்கிட். இன்று வாங்கினால் திருகு வைத்த கொலுசுதான் வாங்குவேன். எடையும் குறைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 2025 அக்டோபரில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டிவிட்டது, எனக்குக் கிடைத்த விலை இனிக் கிடைக்காது. விற்றால் லாபம் வரும் என்று யாரும் வாங்க வேண்டாம், கூலி திரும்பி வராது.

அவள் அம்மா போன வருடம்தான் கேட்டார், "இந்தக் கொலுசை யார் வாங்கிக் கொடுத்தது?" இரண்டு வருடமாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். இந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டு ஐந்தடியில் (வாசல் நடைபாதையில்) உட்கார்ந்துதான் கொலுசைத் தேய்த்தேன். அம்மாவும் தன் பழைய குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வலது கொலுசின் கொக்கி மறுபடி தளர்ந்திருக்கிறது. பொங்கலுக்கு முன் பத்தரிடம் கொடுக்க வேண்டும்.